பேப்பர் போட்ட பிறகு...

வேலையில் சேர்பவருக்கு நியமனக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும். வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பள பாக்கியைத் தீர்க்க வேண்டும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இப்படிச் சொல்கின்றன. ஆனால், ஆயிரக்கணக்கானோரின் தூக்கத்தைக் கெடுக்கும் தாள் வேறொன்று. ‘இவர் இன்ன தேதிவரை இங்கே வேலை பார்த்தார், விடுவிக்கப்பட்டார்’ என்று இரண்டு வரி எழுதிய ரிலீவிங் லெட்டர். அதை எப்போது தருவது என்பதைப் பெரும்பாலான இடங்களில் இன்றும் நிர்வாகத்தின் மனநிலைதான் முடிவு செய்கிறது.

சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் மென்பொருள் எழுதுபவர், கோவை சுயநிதிக் கல்லூரியில் பாடம் நடத்துபவர், மதுரை தனியார் மருத்துவமனையின் செவிலியர், திருப்பூர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கு எழுதுபவர். இந்த நான்கு பேரின் சம்பளமும் வேறு, வாழ்க்கையும் வேறு. ஆனால், பேப்பர் போடும், அதாவது ராஜினாமா கொடுக்கும் அன்று நால்வருக்கும் வருகிற பயம் ஒன்றுதான்: “நம்ம பேரைக் கெடுத்துடுவாங்களோ?”

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. புதிய நிறுவனம் ஆளை எடுக்கும் முன்பு பின்னணியைச் சரிபார்க்கிறது. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அனுபவச் சான்று, ரிலீவிங் லெட்டர் எல்லாம் கேட்கிறது. பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணைக் கொண்டு, எந்த இடத்தில் எந்தத் தேதிவரை இருந்தார் என்பதைப் பார்த்துவிடுகிறது. பழைய இடத்து ஹெச்.ஆர். ‘அப்ஸ்காண்டிங்’ (சொல்லாமல் ஓடிப்போனவர்) என்று குறித்துவைத்திருந்தால் கைக்கு வந்த வேலை போய்விடலாம். சின்ன ஊர்களில் இவ்வளவு சடங்கு கிடையாது. பழைய முதலாளிக்கு ஒரு போன். “பையன் எப்படிங்க?” என்ற கேள்விக்கு எதிர்முனையில் வரும் தயக்கமே போதும்.

இந்தப் பயம் ஆட்களை இரண்டு விதமாக நடக்க வைக்கிறது. ஒரு சாரார் கடைசி நாள்வரை எதற்கும் தலையாட்டுகிறார்கள். மூன்று மாதம் இரவு பகலாக உழைத்து, சேர வேண்டிய விடுப்புப் பணத்தையும் கேட்காமல் கிளம்புகிறார்கள். இன்னொரு சாரார் சம்பளம் ஏறிய மறுநாள் போனை அணைத்துவிட்டுக் காணாமல் போகிறார்கள். “சொன்னா விடமாட்டாங்க சார்” என்பது அவர்கள் தரப்பு நியாயம். முதலாமவர் தர வேண்டாததையும் தருகிறார். இரண்டாமவர் தர வேண்டியதையும் தராமல் போகிறார்.

விலகிப் போகிறவருக்குச் சில கடமைகள் உண்டு. அவை செய்த வேலைக்கும் உடனிருந்தவர்களுக்கும் உரியவை. மேலதிகாரியின் மனம் குளிர நடப்பது அந்தக் கணக்கில் வராது. இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொண்டிருப்பதால்தான் நிர்வாகம் ஒரு தாளைக் காட்டி மிரட்ட முடிகிறது.

90 நாள் வைத்த சிக்கல்

நோட்டீஸ் பீரியட் எவ்வளவு என்பது நியமனக் கடிதத்தில் இருக்கும். சேரும்போது அந்தக் கடிதத்தில் சம்பளம் எழுதியிருக்கும் வரியை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்களே அதிகம். ஒரு மாதம் என்பதுதான் பல தொழில்களில் வழக்கம். தகவல் தொழில்நுட்பத் துறையில் அது 60 நாளாகி, பல பெரிய நிறுவனங்களில் 90 நாளாகிவிட்டது.

மாற்று ஆள் தேடவும் வேலையைக் கைமாற்றவும் அவகாசம் வேண்டும் என்று நிறுவனங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால், 90 நாள் எதைச் சாதித்திருக்கிறது என்று பாருங்கள். ஆள் உடனே வேண்டும் என்பதால், இதே நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் ‘உடனடியாகச் சேரக்கூடியவர்களுக்கு முன்னுரிமை’ என்று போடுகின்றன. தன் ஆளை மூன்று மாதம் விடமாட்டேன், அடுத்தவர் ஆள் மட்டும் நாளைக்கே வர வேண்டும்! விளைவு, கையில் வேறு வேலை இல்லாமலேயே பேப்பர் போட்டுவிட்டுத் தேட ஆரம்பிக்கிறார்கள் இளைஞர்கள். கையில் மூன்று மாதம் இருப்பதால் ஒரு ஆஃபரைக் காட்டி இன்னொன்று, அதைக் காட்டி மற்றொன்று என்று ஏலம் போகிறது. கடைசி நாளில் ‘வரவில்லை’ என்று இரண்டு நிறுவனங்களுக்கு மெயில் போகிறது. சில நேரம் அதுவும் போவதில்லை.

இளைஞர்களுக்கு விசுவாசம் இல்லை என்று வருத்தப்படும் மேலாளர்கள், அந்த மூன்று மாதத்தை யார் எழுதி வைத்தார்கள் என்பதையும் யோசிக்கலாம். அதற்காக, ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட இடத்துக்குப் போகாமல் இருப்பதை நான் சரியென்று சொல்லமாட்டேன். ஆள் எடுக்கும் வேலையில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். நிறுவனம் மாறினாலும் அவர்கள் அதே வட்டத்துக்குள்தான் சுற்றுகிறார்கள். சேர முடியாது என்றால் முடிவெடுத்த அன்றே சொல்லிவிடுவதுதான் முறை.

நோட்டீஸ் காலத்தைக் குறைக்க வழிகள் உண்டு. மீதமுள்ள நாட்களுக்கான சம்பளத்தைக் கட்டிவிட்டுப் போகும் பை-அவுட் வசதி இருக்கிறதா என்று கடிதத்தில் பாருங்கள். புதிய நிறுவனம் அந்தத் தொகையைத் தருவதாகச் சொன்னால் வாய்வார்த்தையாக ஏற்காமல் ஆஃபர் லெட்டரில் எழுதி வாங்குங்கள். மிச்சமிருக்கும் விடுப்பைக் கழிக்க அனுமதிப்பார்களா என்று கேளுங்கள். பிடித்தம் செய்யும் நோட்டீஸ் தொகைமீது ஜி.எஸ்.டி. சேர்த்துக் கேட்டால் மறுக்கலாம்; அப்படி வரி கிடையாது என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2022 ஆகஸ்டிலேயே சுற்றறிக்கையில் தெளிவுபடுத்திவிட்டது.

உண்மையான கடன் எது?

மருத்துவமனை வார்டில் டியூட்டி மாறும் நேரத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இரவு டியூட்டி செவிலியர் ஒவ்வொரு கட்டிலாகப் போய், காலை டியூட்டிக்கு வந்தவரிடம் ஒப்படைப்பார். இவருக்கு இந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, அவருக்கு ராத்திரி காய்ச்சல் ஏறியது, அந்த ஐந்தாம் நம்பர் பெரியவரின் மகனுக்கு இன்னும் தகவல் சொல்லவில்லை. கேஸ் ஷீட்டில் எழுதியது பாதி. வாயால் சொல்வது மீதி. அந்த மீதியை விட்டுவிட்டுப் போனால் நோயாளிக்கு ஆபத்து என்பதால் அங்கே யாரும் அதைத் தவறவிடுவதில்லை.

எல்லா வேலையிலும் இந்த ‘மீதி’ உண்டு. ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்காளரை எடுத்துக்கொள்ளுங்கள். டி.டி.எஸ். 7ஆம் தேதிக்குள், ஜி.எஸ்.டி.ஆர்.-1 படிவம் 11ஆம் தேதிக்குள், 3பி 20ஆம் தேதிக்குள் என்பது அடுத்து வருபவருக்கும் தெரியும். எந்தச் சாயப்பட்டறை பில்லை மாதக் கடைசியில்தான் தரும், எந்த வெளிநாட்டு வாடிக்கையாளர் நினைவூட்டினால்தான் பணம் அனுப்புவார், போன வருடத் தணிக்கையில் கேட்ட கேள்விக்கு எந்தக் கோப்பில் பதில் இருக்கிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கிறது. இதை எழுதி வைக்காமல் போனால் கஷ்டப்படப்போவது முதலாளி மட்டுமல்ல. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த உதவியாளர்தான் இரவு பத்து மணிவரை பில்லைத் தேடிக்கொண்டிருப்பார்.

அந்த உதவியாளரை மறந்துவிடாதீர்கள். ஐந்து வருடம் கழித்து இன்னொரு நிறுவனத்தில் உங்களைப் பற்றிக் கேட்கப்படுவது அவரிடமாக இருக்கலாம். மேலாளர்கள் மாறிப் போய்விடுகிறார்கள். ஹெச்.ஆர்.கள் இன்னும் வேகமாக மாறுகிறார்கள். ‘அவர் போனப்போ எங்களுக்கு ஒரு சிரமமும் வரலை’ என்று சொல்ல அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர்தான் மிஞ்சுகிறார். தொழில் வட்டத்தில் நற்பெயர் என்பது பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியம்தான்.

மென்பொருள் துறையில் இந்த ஒப்படைப்புக்கு கே.டி. (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்) என்று பெயர் வைத்து, தனியாக நேரமும் ஒதுக்குகிறார்கள். பாதி இடங்களில் அது சடங்காக நடக்கிறது: வீடியோ அழைப்பில் திரையைக் காட்டிக்கொண்டே போவார் ஒருவர், ‘ஓகே, ஓகே’ என்பார் மற்றவர். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. கடைசி இரண்டு வாரத்தில் வேலையை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் பின்னால் உட்காருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அதை மட்டும் எழுதுங்கள். நாற்பது பக்க ஆவணத்தைவிட அந்த நான்கு பக்கம் பயன்படும்.

மாற்று ஆளே நியமிக்கவில்லை என்றால்? அது நிர்வாகத்தின் பொறுப்பு. எழுதி வைத்ததை மேலாளருக்கு மெயிலில் அனுப்பி, ‘யாரிடம் ஒப்படைக்க வேண்டும்?’ என்று கேட்டுவிட்டால் உங்கள் கடமை முடிந்தது. ஆள் வரும்வரை இருக்கச் சொல்லிக் கடைசி நாளைத் தள்ளிக்கொண்டே போனால் பணிவாக மறுத்துவிடலாம். ஒருவரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கச் சொல்லி நீதிமன்றம்கூட உத்தரவு போடாது. ஒப்பந்தத்தை மீறினால் இழப்பீடு கேட்கலாம், அவ்வளவே.

எதைச் சொல்வது, யாரிடம் சொல்வது

முதலில் நேரடி மேலாளரிடம் சொல்ல வேண்டும். டீக்கடையில் நண்பரிடம் சொன்னது மேலாளர் காதுக்கு முன்னதாகப் போய்விட்டால் பிறகு எவ்வளவு நன்றாகப் பேசினாலும் கசப்பு போகாது. நேரில் சொன்ன அன்றே மெயிலும் போக வேண்டும். மெயிலின் தேதியிலிருந்துதான் நோட்டீஸ் கணக்கு.

விலகல் கடிதம் நான்கு வரி இருந்தால் போதும். பதவி, விலகும் முடிவு, நியமனக் கடிதப்படி கடைசி நாள், ஒப்படைப்பில் ஒத்துழைப்பேன் என்ற உறுதி. காரணம் எழுத வேண்டியதில்லை. ‘சொந்தக் காரணங்களால்’ என்று எழுதுவது நம் ஊர் வழக்கம். உண்மையான காரணம் சம்பளமாக இருந்தாலும் அதில் பிழையில்லை. அடுத்து எங்கே போகிறீர்கள் என்று சொல்லும் கட்டாயமும் இல்லை. போய்ச் சேரும்வரை சொல்லாமலிருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

எக்ஸிட் இன்டர்வியூ என்று ஒன்று நடக்கும். ‘மனம் திறந்து பேசுங்கள்’ என்பார்கள். ஐந்து வருட மனக்குறையை அரை மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் இடம் அதுவன்று. வேலை நடக்கும் முறையில் திருத்தக்கூடியதை ஒன்றிரண்டு சொல்லலாம். ஆட்களின் குணத்தைப் பற்றிப் பேசாதிருப்பது புத்திசாலித்தனம். கடைசி நாள் எல்லோருக்கும் போகும் மெயிலிலும், வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறும் முன் போடும் செய்தியிலும் குத்தல் வேண்டாம். அது ஸ்கிரீன்ஷாட்டாக எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், இந்த ‘நல்லபடியாகப் போ’ என்ற அறிவுரைக்கு ஓர் எல்லை உண்டு. பாலியல் தொல்லையால் வேலையை விடும் பெண்ணிடமும் இதே அறிவுரையைச் சொல்லி வாயை அடைக்கும் வீடுகளும் அலுவலகங்களும் நம்மிடையே இருக்கின்றன. ‘எதுக்கும்மா பிரச்சினை, பேசாம வேற வேலை பார்’ என்பார்கள். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி, சம்பவம் நடந்து மூன்று மாதங்களுக்குள் உள்புகார்க் குழுவிடம் எழுத்துமூலம் புகார் தரலாம். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் அவகாசம் தரலாம். விலகல் கடிதம் கொடுப்பதற்காக இந்த உரிமையைக் கைவிட வேண்டியதில்லை. பி.எஃப். பிடித்துவிட்டுக் கட்டாமல் ஏமாற்றுவதும், பாதுகாப்பில்லாமல் இயந்திரத்தில் வேலை வாங்குவதும் இதே வகை. அவற்றை வெளியே சொல்வதால் பெயர் கெட்டால் அது சொன்னவரின் பெயராக இருக்கக் கூடாது.

பாண்டும் சான்றிதழும்

பாண்டு எழுதிக் கொடுத்தவர்கள் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘மூன்று வருடம் இருக்க வேண்டும், முன்னால் போனால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும்’ என்பது ஒன்று. ‘இங்கிருந்து போன பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது’ என்பது வேறொன்று.

முதலாவதை நீதிமன்றம் ஏற்க வாய்ப்பிருக்கிறது. மூன்று வருடம் முடிக்காவிட்டால் 2 லட்சம் ரூபாய் என்று விஜயா வங்கி வைத்த நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்த அதிகாரி பணத்தைக் கட்டிவிட்டு வேறு வங்கிக்குப் போயிருந்தார். அவர் வேறு இடத்தில் சேர்வதை நிபந்தனை தடுக்கவில்லை என்பதையும், பொதுத்துறை வங்கி ஆள் எடுப்பதற்குச் செலவழிக்கிறது என்பதையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. ஆகவே, எல்லா பாண்டும் வெற்றுக் காகிதம் என்று யாராவது சொன்னால் நம்பி ஏமாற வேண்டாம். பயிற்சியே தராமல் இரண்டு லட்சம் கேட்கும் நிறுவனத்துக்கும் இந்தத் தீர்ப்பு அப்படியே பொருந்தும் என்று நினைத்துப் பயப்படவும் வேண்டாம். தொகை நியாயமானதா என்ற கேள்வி அங்கே எழும்.

இரண்டாவது வகை நிபந்தனைக்கு 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு குறுக்கே நிற்கிறது. வேலையை விட்ட பிறகும் ஒருவர் தன் தொழிலைச் செய்யக் கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. ஆனால், பழைய நிறுவனத்தின் ரகசியத்தை எடுத்துக்கொண்டு போக இது அனுமதி தரவில்லை. வாடிக்கையாளர் பட்டியலைச் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொள்வது, நாம் எழுதிய நிரல்தானே என்று பென் டிரைவில் ஏற்றிக்கொள்வது இரண்டுமே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வழக்காகக்கூடிய விஷயங்கள். பத்து வருட நல்ல பெயரைக் கெடுத்துக்கொள்ள இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

சுயநிதிக் கல்லூரிகளில் நடக்கும் கொடுமை வேறு மாதிரி. சேரும்போது அசல் பட்டச் சான்றிதழை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். பருவத்தின் நடுவே விலகினால் மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்பார்கள். அசல் சான்றிதழைப் பிடித்துவைக்கக் கூடாது என்று அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) அறிவுறுத்தியிருக்கிறது. கல்விச் சான்றிதழ் சந்தைப் பொருள் அல்ல, கடனுக்கு ஈடாக அதைப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. பீரோக்கள் இன்னும் திறந்தபாடில்லை. சரிபார்க்கக் காட்டிவிட்டு, நகலைக் கொடுத்துவிட்டு, அசலைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள் என்பது சேரும் அன்றே சொல்ல வேண்டிய புத்திமதி. அப்படியும் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், எதை எப்போது வாங்கினார்கள் என்று ஒப்புகைச் சீட்டு கேளுங்கள்.

விசைத்தறியிலும் கடைகளிலும் இதே வேலையை முன்பணம் செய்கிறது. அட்வான்ஸ் தீரும்வரை நிற்க முடியாது. அது தனியாக எழுத வேண்டிய பெரிய கதை.

கடைசி நாள் மாலைக்குள்

கடைசி நாள் மாலை உங்கள் லாகின் மூடப்படும். அதோடு சம்பளச் சீட்டு, படிவம் 16, காப்பீட்டு அட்டை, மதிப்பீட்டுக் கடிதம் எல்லாமே எட்டாமல் போகும். இவை உங்கள் ஆவணங்கள். முன்னதாகவே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விலகல் மெயிலையும் அது ஏற்கப்பட்ட பதிலையும்கூடப் பிரதி எடுத்து வையுங்கள்.

பலர் கோட்டை விடும் இடம் நிறுவனம் கொடுத்த சிம் கார்டு. வங்கியும் ஆதாரும் பி.எஃப். கணக்கும் அந்த எண்ணோடு இணைந்திருக்கும். சிம்மைத் திருப்பிக் கொடுத்த பிறகு ஓ.டி.பி. எங்கே போகும்? விலகுவதற்கு முன்பே எண்ணை மாற்றிவிடுங்கள். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி நாளோடு முடிந்துவிடும். நடுவில் ஒரு மாத இடைவெளி இருந்து, வீட்டில் வயதானவர்களும் இருந்தால் அதற்கு ஏற்பாடு வேண்டும்.

பி.எஃப். கணக்கில் விலகிய தேதியைப் பழைய நிறுவனம் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால், கடைசிச் சந்தா கட்டப்பட்டு இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம். இந்தத் தேதி முக்கியம்; பதியாவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்ப்பதாகத் தோன்றும். 2022 செப்டம்பரில், போட்டி நிறுவனங்களுக்கும் வேலை செய்துகொண்டிருந்த 300 பேரை நீக்கியதாக விப்ரோ தலைவர் ரிஷாத் பிரேம்ஜி சொன்னது நினைவிருக்கும். ஒரே மாதத்தில் இரண்டு இடத்தில் பெயர் இருந்தால், நேர்மையாக விலகியவர்கூட விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

கிராஜுவிட்டி ஐந்து வருடப் பணிக்குப் பிறகு உரிமை. குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவர்களுக்குப் புதிய தொகுப்பு அதை ஒரு வருடமாகக் குறைத்திருக்கிறது. 30 நாட்களுக்குள் தர வேண்டும். போனஸ் பற்றியும் ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. தீபாவளிவரை இருந்தால்தான் போனஸ் என்று சொல்லி ஆட்களை நிறுத்திவைக்கிறார்கள். சம்பள வரம்புக்குள் வருகிறவர் அந்தக் கணக்கு ஆண்டில் 30 வேலை நாட்கள் வேலை செய்திருந்தால், முன்பே விலகியிருந்தாலும் அந்த அளவுக்கு போனஸ் உண்டு.

புதிய இடத்தில் சேர்ந்ததும் பழைய சம்பள விவரத்தைக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு நிறுவனமும் தனித்தனியாக வரி விலக்கைக் கழித்துவிடும். கணக்குத் தாக்கல் செய்யும்போது மொத்தமாக வரி கட்ட வேண்டி வரும்.

‘நீங்களே எழுதிக் கொடுத்துடுங்க’

ஆட்குறைப்புக் காலத்தில் இன்னொரு காட்சி அரங்கேறுகிறது. டி.சி.எஸ். நிறுவனம் தன் பணியாளர்களில் ஏறத்தாழ 2 சதவீதம், அதாவது 12 ஆயிரம் பேருக்கு மேல் குறைக்கப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தபோது, கட்டாயப்படுத்தி ராஜினாமா வாங்குகிறார்கள் என்று ஐ.டி. ஊழியர் சங்கங்கள் குற்றம்சாட்டின. நிறுவனம் அதை மறுத்தது. அந்த ஒரு நிறுவனத்தை விட்டுவிடுவோம். பொதுவாகவே அறைக்குள் அழைத்து, ‘நாங்க நீக்கினா உங்க ரெக்கார்டு கெடும், நீங்களே எழுதிக் கொடுத்தா நல்ல லெட்டர் தருவோம்’ என்று சொல்வது புதிதல்ல.

நற்பெயர் பற்றிய பயத்தை ஆயுதமாக்கும் வாக்கியம் இது. தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவரை ஆட்குறைப்பு செய்தால், பணி செய்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடாகத் தர வேண்டும். புதிய தொகுப்பின்படி, மறுதிறன் பயிற்சி நிதியிலிருந்தும் 15 நாள் சம்பளம் சேரும். ‘சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்’ என்று எழுதிவிட்டால் இதெல்லாம் போச்சு. அந்த அறையில் கையெழுத்துப் போடாதீர்கள். ‘யோசித்துச் சொல்கிறேன், நீங்கள் சொன்னதை மெயிலில் அனுப்புங்கள்’ என்று கேட்டுவிட்டு வெளியே வாருங்கள். மெயில் வராது. அதனால், நடந்ததை அன்று மாலையே நீங்கள் மெயிலாக எழுதி அனுப்புங்கள்.

சில நேரம், நல்ல தொகை தந்தால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதும் சரியான முடிவாக இருக்கலாம். எதை விட்டுக்கொடுத்து எதை வாங்குகிறோம் என்று கணக்குப் பார்த்த பிறகு அதைச் செய்ய வேண்டும்.

என்ன செய்யலாம்?

நிறுவனங்கள் நோட்டீஸ் காலத்தைப் பதவிக்குத் தக்கபடி பிரிக்கலாம். திட்டத் தலைவருக்கு இரண்டு மாதம் தேவைப்படலாம்; இரண்டு வருட அனுபவமுள்ளவருக்கு 30 நாள் போதும். விலகல் கடிதம் வந்த மறுநாளிலிருந்து ஒருவரைக் கூட்டங்களுக்கு அழைக்காமல் ஒதுக்கிவைப்பதையும் நிறுத்த வேண்டும். மிச்சமிருப்பவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தங்கள் முறை வரும்போது சொல்லாமல் ஓடக் கற்றுக்கொள்கிறார்கள்.

ஒருவரை ‘அப்ஸ்காண்டிங்’ என்று குறிக்கும் முன்பு அவருடைய வீட்டு முகவரிக்கும் சொந்த மெயிலுக்கும் நோட்டீஸ் அனுப்பி, பதில் சொல்ல வாய்ப்பு தர வேண்டும். விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் கிடப்பவரும் ஓடிப்போனவரும் ஒரே பட்டியலில் வரக் கூடாது. பின்னணி சரிபார்க்கும் நிறுவனங்கள், பழைய இடத்திலிருந்து பாதகமான தகவல் வந்தால் அதைச் சம்பந்தப்பட்டவருக்குக் காட்டி விளக்கம் கேட்ட பிறகே அறிக்கை தர வேண்டும்.

கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவுகள் நேர்காணலுக்கு எப்படி உடுத்துவது என்று இறுதியாண்டு மாணவர்களுக்கு வகுப்பு எடுக்கின்றன. நியமனக் கடிதத்தைப் படிக்கவும் விலகல் கடிதம் எழுதவும் கூடுதலாக ஒரு மணி நேரம் சொல்லித் தரலாம்.

தமிழ்நாடு அரசின் தொழிலாளர் துறைக்கு ஒரு வேலை இருக்கிறது. தொழிலாளர்களுக்குப் பணிச் சான்று தர வேண்டும் என்பது 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் மாதிரி நிலையாணைகளிலேயே இருந்தது. அதை எல்லா ஊழியர்களுக்கும் விரித்து, கடைசி நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள் தர வேண்டும் என்று மாநில விதிகளில் ஒரு வரி சேர்க்கலாம். தராவிட்டால் பகுதித் தொழிலாளர் அலுவலரிடம் இணையவழியில் புகார் செய்யும் வசதியும் வேண்டும். சான்றின் படிவத்தைத் தமிழிலேயே துறை வெளியிடட்டும்: பெயர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, கடைசிச் சம்பளம். நடத்தை பற்றிய பத்தி அதில் வேண்டாம். பாண்டுப் பணமோ நோட்டீஸ் தொகையோ பாக்கி என்று நிர்வாகம் கருதினால், சான்றைக் கொடுத்துவிட்டு அதற்குத் தனியாக வழக்குப் போட்டுக்கொள்ளலாம்.